செய்முறை அறிவியலுக்கு நிதி கேட்பது எப்படி: ஒரு பாடத்திலிருந்து ஒரு கருத்துரு வரை

நிதி கிடைத்த பிறகும் பூட்டியே கிடக்கும் ஆய்வகங்கள் பல. அலமாரி நிறைய நுண்ணோக்கிகள் இருக்கும். அவற்றில் மாதிரியை வைத்துப் பார்க்கும் கண்ணாடி வில்லைகள் தீர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அமிலப் புட்டிகள் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இரண்டே இரண்டு இருக்கும். நிதி கேட்டபோது வாங்க வேண்டிய பொருட்களை மட்டும் எழுதிவிட்டு, வகுப்பில் யார், எப்போது, எதைத் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதாமல் விட்டதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அதனால் இந்த வழிகாட்டி நிதி நிறுவனங்களின் பட்டியலில் தொடங்கவில்லை. ஒரே ஒரு பாடவேளையில் தொடங்குகிறது. அதைச் சரியாக எழுதிவிட்டால், நிதி கேட்டு அனுப்பும் கருத்துருவின் வரவுசெலவு, மதிப்பீடு, கால அட்டவணை எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

முதல் படி: ஒரு பாடவேளையை முழுதாக எழுதுங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நிதி கிடைத்தால் முதல் வாரத்தில் நடத்தப் போகும் ஒரு வகுப்பை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். எளிய மின்சுற்றை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு மாணவர்களிடம் ஒரு மின்கலம், ஒரு டார்ச் பல்பு, ஒரு துண்டு ஒயர். இவ்வளவுதான். பல்பை எரியவைக்கச் சொல்கிறீர்கள். மின்சுற்றுப் படத்தைப் பிழையில்லாமல் வரைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளே இங்கே திணறுவார்கள். ஒயரின் ஒரு முனையை மின்கலத்தின் மேல்முனையிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மின்சாரம் ஒரு பக்கமாக ஓடிப்போய்ப் பல்புக்குள் சேர்ந்துவிடும் என்பது அவர்கள் மனதில் இருக்கும் படம். பல்பின் அடிப்புள்ளி ஒரு முனை, பக்கவாட்டு உலோகம் இன்னொரு முனை என்று விரல்கள் கண்டுபிடிக்கும்போதுதான் ‘மூடிய சுற்று’ என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. இடையில் யாராவது ஒருவர் ஒயரை மின்கலத்தின் இரு முனைகளிலும் நேராக வைத்து, விரல் சுட்டுக் கையை உதறுவார். குறுக்குச் சுற்று என்ன என்பது அந்த ஒரு நொடியில் புரிந்துவிடும்.

இந்த ஒரு காட்சியை எழுதியதுமே பல விவரங்கள் கையில் வந்துவிடுகின்றன. இரண்டு பேருக்கு ஒரு தொகுப்பு தேவை. மின்கலங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீரும். சார்ஜ் செய்யும் மின்கலங்கள் இந்த வேலைக்குக் கூடாது; குறுக்குச் சுற்றில் அவை மிக அதிக மின்னோட்டத்தைத் தந்து ஒயரைக் கொதிக்க வைத்துவிடும். சாதாரண துத்தநாக-கார்பன் மின்கலம் சக்தி குறைந்ததுதான், ஆனால் பிள்ளைகளின் கைக்கு அதுவே பாதுகாப்பானது. மாணவர்களின் தவறான மனப்படம் என்ன என்பதும் தெரிந்துவிட்டது. பாடம் பலித்ததா என்று எதைக் கேட்டு அளப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது.

இதேபோல ஐந்தாறு பாடவேளைகளை எழுதுங்கள். ஓர் ஆண்டுத் திட்டத்துக்கு அது போதும். நாற்பது செய்முறைகள் செய்யப்போவதாக எழுதப்பட்ட கருத்துருவை, விவரமாக எழுதிய ஆறு செய்முறைகள் எளிதாக வென்றுவிடும். படிப்பவருக்கு அந்த ஆறும் நடக்கும் என்ற நம்பிக்கை வருகிறது.

இரண்டாம் படி: பள்ளிக்குள் பேசி முடியுங்கள்

இது சலிப்பான வேலை. ஆனாலும் விட்டுவிட்டால் எல்லாம் கெடும்.

முதலில் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுங்கள். அலமாரியைத் திறந்து, உடைந்தது எது, சரிசெய்யக்கூடியது எது, வேலை செய்வது எது என்று பிரித்து எழுதுங்கள். பழுது பார்க்கக்கூடிய எட்டு நுண்ணோக்கிகள் உள்ளே இருக்கும்போது புதிதாகப் பத்து கேட்டால், நேரில் பார்வையிட வருபவர் முன்னால் சங்கடப்பட நேரும். பழுதுபார்ப்புக்கே நிதி கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பதால் அது தனித்துத் தெரியும்.

அடுத்தது தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல். பணம் யாருடைய கணக்குக்கு வரும், யார் கையொப்பமிடுவார்கள், கொள்முதல் எந்த விதிப்படி நடக்கும் என்பவை இப்போதே தெளிவாக வேண்டும். பல நிதி நிறுவனங்கள் தனி ஆசிரியரின் பெயருக்குப் பணம் தருவதில்லை. பள்ளி, அதை நடத்தும் அமைப்பு, பதிவு பெற்ற பெற்றோர்–ஆசிரியர் கழகம் ஆகியவற்றில் எது சட்டப்படி வெளி நிதியைப் பெறலாம் என்று பள்ளியின் கணக்கரிடம் கேளுங்கள். வெளிநாட்டு நிதி என்றால் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியே மாதக்கணக்கில் இழுக்கும்.

கால அட்டவணையையும் பேசுங்கள். ஒரு செய்முறைக்குத் தொடர்ச்சியாக இரண்டு பாடவேளைகள் வேண்டும் என்றால், அதை நிர்வாகம் ஒதுக்குமா? ஒதுக்குவதாகக் கடிதம் தந்தால் அதைக் கருத்துருவுடன் இணையுங்கள். பணமில்லாமல் பள்ளி தரும் பங்களிப்பு இது. படிப்பவர்கள் இதை நன்றாகக் கவனிப்பார்கள்.

மூன்றாம் படி: யாரிடம் கேட்பது

நிதி தருபவர்கள் எல்லோரும் ஒரே மனநிலையில் தருவதில்லை. அரசுத் திட்டங்கள் விதிப்படி தருகின்றன. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே மாதிரியான அளவுகோல் இருக்கும். அறக்கட்டளைகள் ஒரு நோக்கத்துக்காகத் தருகின்றன. பெண் குழந்தைகளின் அறிவியல் கல்வி, ஊரகப் பள்ளிகள், சுற்றுச்சூழல் என்று அவர்களுக்கென்று ஓர் அக்கறை இருக்கும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அந்த நிறுவனம் இயங்கும் பகுதியையும் அதன் தொழிலையும் ஒட்டி வரும். அறிவியல் கழகங்கள் தங்கள் துறை வளர வேண்டும் என்று தருகின்றன. முன்னாள் மாணவர்கள் பாசத்தில் தருகிறார்கள். கேட்கும் மொழியும் இதற்கேற்ப மாற வேண்டும்.

சில உண்மையான திட்டங்களைப் பார்த்தால் இது விளங்கும். இந்தியாவில் அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளுக்காக 20 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டபோது, அதில் பாதி ஆய்வகம் அமைக்கவும், மறுபாதி ஐந்து ஆண்டுகள் வரை நடத்தவும் என்று பிரிக்கப்பட்டது. நடத்தும் செலவு அமைக்கும் செலவுக்குச் சமம் என்ற அந்தக் கணக்கை நீங்கள் சிறிய தொகை கேட்கும்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் பள்ளிகளுக்குத் தரும் கூட்டாண்மை நல்கைக்கு, ஓர் அறிவியல் அல்லது பொறியியல் வல்லுநர் பள்ளியுடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பொருட்களைவிட அந்த உறவுக்குத்தான் முதலிடம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய டோனர்ஸ்சூஸ் என்ற இணையவழி அமைப்பு, ஆசிரியர் கேட்கும் பொருட்களுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டுகிறது. பணத்தை ஆசிரியர் கையில் தராமல் பொருட்களை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே தெளிவான பொருள் பட்டியலும் நெஞ்சைத் தொடும் ஒரு பத்தியும் போதும். ஒரே கருத்துருவை மூன்று இடங்களுக்கும் நகலெடுத்து அனுப்பினால் மூன்று இடத்திலும் தோற்கும்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இப்படிப்பட்ட சட்டம் இருக்கும் இடங்களில் நிறுவனத்தின் நிதியாண்டு எப்போது முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுத் திட்டம் தீட்டும்போதே அவர்கள் மேசையில் உங்கள் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும்.

அறிவிப்பைப் படிக்கும்போது பேனாவோடு படியுங்கள். தகுதி என்ன, எதற்குத் தரமாட்டார்கள், பணம் முன்கூட்டியே வருமா அல்லது செலவு செய்த பிறகு ரசீது காட்டித் திரும்பப் பெற வேண்டுமா, பள்ளியும் ஒரு பங்கு போட வேண்டுமா? ‘எதற்குத் தரமாட்டோம்’ என்ற பகுதிதான் மிக முக்கியம். கட்டடம், சம்பளம், கணினி இவற்றில் ஏதாவது ஒன்றைப் பலர் விலக்கியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் திட்ட அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு வார வீண் உழைப்பைத் தடுக்கும்.

நான்காம் படி: தேவையை எழுதுவது

“எங்கள் பள்ளியில் போதிய ஆய்வக வசதி இல்லை” என்று தொடங்கும் கருத்துருக்கள் ஏராளம். அந்த வரி எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். அதனாலேயே அது எந்தப் பள்ளியையும் காட்டுவதில்லை.

அதற்குப் பதில் இரண்டு வாரம் ஒதுக்கிச் சிறிய ஆதாரங்களைத் திரட்டுங்கள். மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, இந்த ஆண்டில் நீங்களே கையால் செய்த செய்முறைகள் எவை என்று எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் செய்து காட்டியதைச் சேர்க்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாடத்திட்டம் எத்தனை கேட்கிறது, உண்மையில் எத்தனை நடந்தன என்ற இரண்டு எண்களும் உங்களுக்குக் கிடைக்கும். கூடவே முன்பு சொன்ன மின்சுற்றுக் கேள்வியையும் கொடுங்கள்: நான்கு படங்கள், எதில் பல்பு எரியும், ஏன்? எத்தனை பேர் ஒற்றை ஒயர் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற எண்ணிக்கை, எந்த உருக்கமான பத்தியையும்விட வலுவானது. அதோடு ஒரு மாணவர் தன் கையெழுத்தில் தந்த விளக்கத்தைப் பெயர் நீக்கிச் சேர்த்துவிடுங்கள்.

வறுமையை வருணித்து இரக்கம் தேட வேண்டாம். உங்கள் மாணவர்கள் படித்துப் பார்க்கும் தாளில் அவர்களைப் பற்றி எழுதுவதாக நினைத்து எழுதுங்கள். அவர்கள் தலைகுனியும்படி ஒரு வரியும் இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: ‘இது பலிக்குமா?’ என்ற கேள்விக்குப் பதில்

நிதி தருபவர் மனதில் ஒரு சந்தேகம் இருக்கும்: பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்துவிட்டால் கற்றுக்கொள்வார்களா? இதை நீங்களே எழுப்பிப் பதில் சொல்லிவிடுவது நல்லது.

சாதகமான சான்றுகள் இருக்கின்றன. 2014இல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சுமார் 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர் செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் அது சுமார் 22 விழுக்காடு. ஆனால் அவை கல்லூரி வகுப்புகள். பள்ளிக்கு அப்படியே பொருத்தினால் விவரம் தெரிந்தவர் பிடித்துக்கொள்வார். கல்லூரி ஆய்வு என்று சொல்லியே பயன்படுத்துங்கள்.

எதிர்க்கருத்தும் உண்டு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி ஆய்வாளர்கள் 2006இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் குறைவான கற்பித்தல் தொடக்கநிலை மாணவர்களுக்குப் பலன் தராது என்று வாதிட்டது. அதில் உண்மை இருக்கிறது. கை மட்டும் அசைந்து மனம் அசையாத செய்முறையில் வேடிக்கைதான் மிஞ்சும். ஆகவே உங்கள் கருத்துருவில் ஒவ்வொரு செய்முறைக்கும் மூன்று விஷயங்களைக் காட்டுங்கள்: தொடுவதற்கு முன் மாணவர் எழுதும் ஊகம், செய்யும்போது ஆசிரியர் கேட்கும் கேள்விகள், முடிந்தபின் ஊகத்தையும் கண்டதையும் ஒப்பிடும் கலந்துரையாடல். இந்த மூன்றும் இருந்தால் அந்த எதிர்வாதம் உங்களைத் தொடாது.

முன்னோடிகளிடமிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், எளிய பொருட்கள் அடங்கிய பெட்டியோடு நின்றுவிடவில்லை. ஆசிரியர் பயிற்சி, மாதாந்திரக் கூட்டங்கள், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் ஒன்றாக மாற்றப்பட்டன. பிரான்சில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக் முன்னின்று 1996இல் தொடங்கிய தொடக்கப்பள்ளி இயக்கத்தில், ஒவ்வொரு மாணவரும் தன் சொந்த மொழியில் எழுதும் சோதனைக் குறிப்பேடு மையமாக இருந்தது. இரண்டிலும் பொருள் ஒரு பகுதிதான். உங்கள் கருத்துருவில் ஆசிரியர் பயிற்சிக்கும் மாணவர் குறிப்பேட்டுக்கும் இடமிருந்தால், ஏன் என்று கேட்பவருக்கு இந்த வரலாறே பதில்.

ஆறாம் படி: வரவுசெலவு

கருத்துருவில் முதலில் படிக்கப்படும் பக்கம் பெரும்பாலும் இதுதான். இங்கே நிதானமாக இருங்கள்.

கணக்கு பாடவேளையிலிருந்து வர வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பு, இருவருக்கு ஒரு தொகுப்பு என்றால் 20. உடைவுக்கும் தொலைவுக்கும் 4 கூடுதல். மொத்தம் 24 தொகுப்புகள். அடுத்தடுத்த மின்சுற்றுப் பாடவேளைகளுக்கும் சேர்த்துத் தொகுப்புக்கு 2 மின்கலம் என்றால் 48. ஓர் ஆண்டில் மூன்று பிரிவுகள் மாறி மாறிப் பயன்படுத்தும்போது இரண்டு முறை முழுதாக மாற்ற வேண்டிவரும் என்று வைத்தால் மொத்தம் 144. தொகுப்புக்கு 2 பல்பு என்றால் 48. கால் பங்கு உடையும் என்று சேர்த்தால் 60. தொகுப்புக்கு 4 ஒயர் என்றால் 96. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். “மின்சுற்றுப் பொருட்கள், மொத்தமாக” என்று ஒரே தொகையாகப் போடுவது சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

எத்தனை பேருக்கு ஒரு தொகுப்பு என்பதில் என் கருத்து உறுதியானது. விலை குறைந்த பொருள் என்றால் இருவருக்கு ஒன்று. நான்கு பேருக்கு ஒன்று என்றால் இருவர் செய்வார்கள், ஒருவர் எழுதுவார், நான்காமவர் ஜன்னலைப் பார்ப்பார். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையின் கை பொருள்மேல் படவே படாது. நுண்ணோக்கி போன்ற விலை அதிகமான கருவிக்கு நான்கு பேர் என்பதை ஏற்கலாம். அப்போது யார் எப்போது பார்ப்பது, யார் வரைவது என்று முறை வகுத்து எழுதுங்கள். மாற்று வழிகளையும் தேடுங்கள். மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014இல் ஆய்விதழில் விவரித்த காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பின் உதிரிப் பொருட்களுக்கான செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்று, கூடவே துல்லியமாகப் பார்க்க வகுப்புக்கு இரண்டு நல்ல நுண்ணோக்கிகள் என்ற கலவை, பத்து நடுத்தரக் கருவிகளைவிட நல்ல வகுப்பைத் தரலாம்.

பலரும் விட்டுவிடும் செலவுகள் உண்டு. தீர்ந்துபோகும் பொருட்கள், பூட்டக்கூடிய அலமாரி, பெயர் ஒட்டிய பெட்டிகள், போக்குவரத்து, வரி, பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆசிரியர், மாணவர் பணித்தாள் அச்சு. இவற்றை எழுத வெட்கப்பட வேண்டாம். ஆய்வகத்தை உயிரோடு வைப்பவை இவைதான்.

பாதுகாப்புக்குத் தனித் தலைப்பு வேண்டும். கண்ணாடி, கையுறை, முதலுதவிப் பெட்டி, கண் கழுவும் வசதி, தீயணைப்பான் ஆகியவற்றோடு வேதிப்பொருட்களை எங்கே வைப்பது, பயன்படுத்தியபின் எப்படி அப்புறப்படுத்துவது என்பதையும் இரண்டு பத்திகளில் எழுதுங்கள். அடர் அமிலம் தேவையில்லாத செய்முறையில் நீர்த்த அமிலத்தையே கேளுங்கள். ஆபத்து குறைவான மாற்று இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், படிப்பவருக்கு உங்கள் பொறுப்புணர்வின்மீது நம்பிக்கை வரும்.

விலைக்குக் குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள், தேதியோடு வையுங்கள். விலை ஏறக்கூடும் என்பதால் தற்செயல் செலவு என்று ஒரு சிறு விழுக்காடு சேர்க்க அனுமதி உண்டா என்று விதிகளில் பாருங்கள். அனுமதி இல்லை என்றால் பொருட்களின் விலையை ஊதிப் பெருக்காதீர்கள். எந்தச் செய்முறையைத் தேவைப்பட்டால் கைவிடலாம் என்று உங்களுக்குள் முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

தொகையைப் பற்றி ஒரு சொல். முதன்முறை கேட்பவர் சிறிய தொகை கேட்பதே நல்லது. ஒரு வகுப்பு, ஒரு பருவம், ஆறு செய்முறைகள். அதைச் சிறப்பாக முடித்த அறிக்கை கையில் இருந்தால் அடுத்த முறை பெரிய தொகை கேட்கும்போது உங்களுக்கு ஒரு வரலாறு இருக்கும்.

ஏழாம் படி: பலனை அளப்பது

“மாணவர்களுக்கு அறிவியல் ஆர்வம் வளரும்” என்பது ஆசை. அளக்கக்கூடிய நோக்கம் இப்படி இருக்கும்: பருவ முடிவில் வகுப்பில் ஐந்தில் நான்கு பேர், கொடுக்கப்பட்ட பொருட்களைக் கொண்டு தாங்களே ஒரு மூடிய சுற்றை அமைத்து, பல்பு எரியாதபோது காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

அளப்பதற்குச் செலவு தேவையில்லை. தேவையை எழுதும்போது கொடுத்த அதே கேள்வித்தாளைச் செய்முறைகளுக்குப் பின் மறுபடியும் கொடுங்கள். முடிந்தால் இன்னும் செய்முறை தொடங்காத இன்னொரு பிரிவுக்கும் அதே நாளில் கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அவர்களுக்கும் அடுத்த பருவத்தில் இதே செய்முறைகள் உண்டு என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுத்துத் தேர்வோடு ஒரு செயல் தேர்வும் வையுங்கள். வேண்டுமென்றே ஒரு இணைப்பு தளர்ந்த சுற்றைக் கொடுத்து, அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மாணவர் முதலில் எதைச் சோதிக்கிறார் என்று பார்த்து எழுதினாலே அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது தெரியும்.

புகைப்படங்கள் சான்றாகா; அவை துணைதான். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். கைகளும் கருவிகளும் மட்டும் தெரியும் படமே பெரும்பாலும் போதும், அழகாகவும் இருக்கும்.

எட்டாம் படி: பணம் தீர்ந்த பிறகு என்ன

இந்தக் கேள்வி கிட்டத்தட்ட எல்லாப் படிவத்திலும் இருக்கும். “பள்ளி தொடர்ந்து நடத்தும்” என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருட்களுக்கு எவ்வளவு ஆகும் என்று ஆறாம் படியில் ஏற்கெனவே கணக்கிட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகையை இரண்டாம் ஆண்டிலிருந்து யார் தருவார்கள் என்று பெயரிட்டு எழுதுங்கள். அவர்களின் கடிதத்தை இணையுங்கள். பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியர் மாறுதலாகிப் போனால் எல்லாம் நின்றுவிடும். அதனால் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பயிற்சி பெற வேண்டும். பணித்தாள்களும் குறிப்புகளும் பள்ளியில் தங்க வேண்டும்.

ஒன்பதாம் படி: எழுதுவது, அனுப்புவது

முதலில் ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுதுங்கள்: யாருக்காக, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு வேண்டும், எப்படி அளப்போம். முழுக் கருத்துருவும் இதன் விரிவுதான். படிவத்தில் என்ன வரிசையில் கேட்கிறார்களோ அதே வரிசையில், அவர்கள் பயன்படுத்தும் தலைப்புகளையே வைத்து எழுதுங்கள். மதிப்பெண் அட்டவணை தந்திருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பகுதிக்கு அதிக மதிப்பெண்ணோ அதற்கு அதிக இடம் கொடுங்கள். சொல் வரம்பை மீறாதீர்கள்.

கலைச்சொல் நெருக்கமாகக் குவிந்த பத்தியை உடைத்து எழுதுங்கள். படிப்பவர் அறிவியல் ஆசிரியராக இருப்பார் என்ற உறுதி இல்லை. வங்கி மேலாளராகவோ வழக்கறிஞராகவோ இருக்கலாம். அறிவியல் தொடர்பில்லாத நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, “வகுப்பில் என்ன நடக்கப்போகிறது?” என்று கேளுங்கள். அவர் தன் சொல்லில் சரியாகச் சொன்னால் உங்கள் எழுத்து தயார்.

அனுப்புவதற்கு முன் எண்களைச் சரிபாருங்கள். சுருக்கத்தில் 120 மாணவர், உள்ளே 118 மாணவர் என்று இருந்தால் நம்பிக்கை சரியும். கூட்டுத்தொகை, கையொப்பம், முத்திரை, இணைப்புகள், கோப்பின் அளவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே சமர்ப்பியுங்கள். கடைசி மணி நேரத்தில் இணையதளங்கள் திணறுவது வழக்கம். ஒப்புகைச் சீட்டைச் சேமித்துவையுங்கள்.

பத்தாம் படி: பதில் வந்த பிறகு

மறுத்தால், நன்றி சொல்லி மதிப்பீட்டாளர்களின் கருத்தைக் கேளுங்கள். எல்லோரும் தரமாட்டார்கள், தந்தால் அது தங்கம். திட்டம் பொருந்தவில்லை என்றார்களா, எழுத்து தெளிவாக இல்லை என்றார்களா, பணம்தான் போதவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். முதல் காரணம் என்றால் வேறு இடம் தேடுங்கள். மற்ற இரண்டும் என்றால் திருத்தி அடுத்த சுற்றில் அதே இடத்தில் கேளுங்கள். மறுபடி வரும் திருத்திய விண்ணப்பத்தை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை.

கிடைத்தால், ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். நிதிக்குத் தனிக் கணக்கோ தனிப் பேரேடோ வையுங்கள். ஒவ்வொரு ரசீதையும் அன்றைக்கே எண்ணிட்டுக் கோப்பில் சேருங்கள். வாங்கிய பொருட்களை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் எண் எழுதுங்கள். கேட்ட பொருளுக்குப் பதில் வேறு பொருள் வாங்க நேர்ந்தால், வாங்குவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி பெறுங்கள்; பெரும்பாலும் தருவார்கள், ஆனால் வாங்கிவிட்டுச் சொன்னால் அது தணிக்கையில் கேள்வியாக வரும்.

அறிக்கை எழுதும்போது நடக்காததையும் எழுதுங்கள். ஆறு செய்முறைகளில் ஐந்துதான் முடிந்தது என்றால் அப்படியே சொல்லுங்கள். ஆறாவது ஏன் நின்றது, அடுத்த பருவத்தில் எப்படி நடக்கும் என்று இரண்டு வரி போதும். செலவாகாத தொகை இருந்தால் திருப்பித் தரவா, எதற்குப் பயன்படுத்தலாம் என்று நீங்களே முதலில் கேளுங்கள். அந்த அறிக்கையோடு, செய்முறைக்கு முன்னும் பின்னும் ஒரே மாணவர் அதே கேள்விக்கு எழுதிய இரண்டு பதில்களைப் பெயர் நீக்கி அருகருகே வைத்து அனுப்புங்கள்.